கழகத்தின் சராசரி மூச்சு

உலக நீச்சல் வரலாற்றை இனிமேல் எழுதுபவர்கள் போடிக்கு முன், போடிக்குப் பின் என்று பிரித்துத்தான் எழுதியாக வேண்டும். போடி ஊரில் எங்கள் நீச்சல் கழகம் கட்டிய உள்ளரங்கக் குளம் அப்பேர்ப்பட்டது. செயலாளன் என்ற முறையில் அடக்கத்தோடு சொல்கிறேன்.

அரங்குக்குப் பன்னிரண்டு ஜன்னல்கள் இருந்தன. நன்கொடையாளர்களின் பலகைகளுக்கு இடம் போதாததால் பன்னிரண்டையும் அடைத்து 'வள்ளல் சுவர்' ஆக்கினோம். நடுவில் தலைவர் மொக்கச்சாமி, ஏலக்காய் வியாபாரி, ஆளுயரப் படத்தில் சிரிக்கிறார். தண்ணீரின் தூய்மைக்காகக் குளோரினைத் தாராளமாகக் கொட்டினோம். உள்ளே நுழைந்ததும் விருந்தினர்களுக்குக் கண் கலங்கும். நெகிழ்ச்சி என்று நிகழ்ச்சிக் குறிப்பில் பதிவு செய்தேன்.

மளிகைக்கடை ஜோசப்பின் மகள் ஷெர்லினுக்குப் பதினைந்து வயது. நானூறு மீட்டரில் மாவட்டத்திலேயே முதல். எட்டு மாதம் எங்கள் குளத்தில் பயின்றவள், திடீரென்று பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினாள். பயிற்சியாளர் செழியன் எங்கள் அனுமதி பெறாமலே வீரர்கள் ஒன்பது பேரையும் தேனிக்குக் கூட்டிப்போய், நுரையீரலை அளக்கும் கருவியில் ஊதவைத்தார். ஆறு பேருக்கு வயதுக்குரிய அளவில்லை. ஷெர்லினுக்கு எல்லாரையும்விடக் குறைவு. ஜன்னல்களைத் திறக்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

அவசரக் கூட்டம் கூடியது. மருத்துவர் சொன்ன மருந்து தலைவரின் படத்துக்குப் பின்னால் இருந்ததுதான் சிக்கல்.

"பலகையக் கழட்டிட்டா அடுத்த வருசம் எவன் தம்பி நன்கொடை குடுப்பான்?" என்றார் தலைவர். "பிள்ளைகளுக்கு ஒழுங்கா ஊதத் தெரியல. அம்புட்டுத்தான்."

காற்றில் குறையில்லை, ஊதுவதில்தான் குறை என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். செழியன் அன்றே விலகினார்.

அடுத்த வாரம் மாவட்டத் தேர்வு. ஷெர்லின் இருநூறு மீட்டரில் நின்று, தானே கரையேறி, ஈரத்தோடு என்னிடம் வந்தாள்.

"கையும் காலும் இன்னும் போலாம்ங்குது சார். மூச்சுதான் வர மாட்டேங்குது."

மன உறுதி போதாது என்று அறிவுரை கூறினேன். இப்போது செழியன் அவளைச் சிலமலையில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் நீந்தவைக்கிறாராம், இருமல் நின்றுவிட்டதாம். 'அங்கீகாரமற்ற கிணறு' என்று கண்டித்து அறிக்கை விட்டோம்.

இதற்கிடையே மேலிடமான மாநிலச் சங்கம், கழகத்தினரின் சராசரி நுரையீரல் திறனைக் கேட்டு எழுதியது. கழகத்தினர் என்றால் நிர்வாகிகளும்தானே என்ற நுட்பத்தை நான்தான் கண்டுபிடித்தேன். ஐம்பதைத் தாண்டிய நாங்கள் ஏழு பேரும் தேனிக்குப் போய் ஊதினோம். ஏழும் பிரமாதம். ஒன்பதோடு ஏழைச் சேர்த்து வகுத்ததும் கழகத்தின் மூச்சு நிமிர்ந்தது. 'சிறந்த சுவாச நலக் கழகம்' என்ற விருதும் வந்தது.

விழாவில் ஒரு நிருபர் எங்கள் நுரையீரலின் ரகசியத்தைக் கேட்டார். தலைவர் யோகாசனம் என்றார். ஆவணத்துக்காக உண்மையை நான் எழுதிவைக்கிறேன்: நாங்கள் ஏழு பேரும் அந்தக் குளத்தரங்கில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் நின்றதே இல்லை.