ஈஸ்ட் ஹாம் சுவரில் முளைத்த அம்மன்

ஈஸ்ட் ஹாமுக்கு அம்மன் வந்துவிட்டாள். விசா எடுக்கவில்லை, ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டவில்லை, ஹீத்ரோவில் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. நேராக வந்து ஒரு பழைய மண்டபத்தின் சுவரில் முளைத்துவிட்டாள். 1989ஆம் ஆண்டு ஐப்பசி வெள்ளிக்கிழமைகளில் ஹை ஸ்ட்ரீட் நோர்த் வழியாக நடந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மண்டப வாசலில் தொடங்கும் வரிசை நகைக்கடையைத் தாண்டி, மீன்கடையைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தில் போய் முடியும். பஸ்ஸுக்காக நின்ற வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி தெரியாமல் அந்த வரிசையோடு நகர்ந்து உள்ளே போய், திருநீறு பூசி, ஒரு கோப்பை சுண்டலும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாளாம். அன்றைக்கு அங்கே போனவர்களில் கையில் ஏதோ கிடைத்தது அவளுக்கு மட்டும்தான்.

கோயில் செயலாளர் யோகராஜாவுக்கு அந்த வரிசையைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடித்துவிட்டு நித்திரை கொள்ளாமல் வந்து வாசலில் நின்று சனத்தை ஒழுங்குபடுத்துவார். கோயில் என்று சொன்னாலும் அது கோயிலில்லை; பூசை நின்றுபோன பழைய தேவாலயம். சொந்தக்காரர்களான தேவாலயத்து ஆட்களிடம் அதை வாடகைக்கு எடுத்து, ஒரு பிள்ளையார் படத்தை மாட்டி, இரண்டு வருஷமாகப் பத்துப் பதினைந்து பேரை வைத்து நடத்தி வந்தார்கள். அப்படியிருக்கும்போதுதான் வடக்குச் சுவர் ஈரம் ஊறி, மேல்பூச்சு பாளம் பாளமாக உரிந்தது. உரிந்த இடத்தில் ஒரு சக்கரம் தெரிந்தது.

வேறு யாராவது என்றால் கவுன்சிலுக்குப் போன் பண்ணியிருப்பார்கள். அன்றைக்கு அங்கே நின்றவர் ஜம்புநாத சுவாமிகள். இமயமலையில் பன்னிரண்டு வருஷம் தவம் செய்தவர் என்று அவரே சொன்னார். சாட்சி கேட்பதென்றால் இமயமலையைத்தான் கூப்பிட வேண்டும். அவர் சக்கரத்தைக் கண்டதும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழும்பி, "விஷ்ணு துர்க்கை. யாம் கனவிற் கண்ட அதே சக்கரம்" என்றார். அடுத்த வெள்ளி சுவரில் ஒரு வாள் முளைத்தது. அதற்கடுத்த வெள்ளி மஞ்சள் உடுப்பு, அதற்கும் அடுத்த வெள்ளி முகம். பக்தி கூடக்கூட அம்பிகை வளருவாள் என்றார் சுவாமிகள். வியாழன்தோறும் அவர் மண்டபத்தைப் பூட்டி, திரையை இழுத்துவிட்டு, உள்ளே தனியாக மௌன விரதம் இருப்பார். ஏன் அம்மன் வியாழக்கிழமைகளில் மட்டும் வளருகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மனுக்கும் ஷிப்ட் இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

முகம் தெரிந்த வாரத்தில் துகள் வந்தது. அம்பிகையின் மஞ்சள் பட்டிலிருந்து தானாக உதிரும் துகளாம். கமராப் படச்சுருள் அடைத்து வரும் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு, டப்பா ஐந்து பவுண் என்று சுவாமிகள் கொடுத்தார். காலையும் மாலையும் ஒரு சிட்டிகை பாலில் கலந்து குடிக்க வேண்டும். கோயில் தலைவர் தில்லையம்பலத்துக்கு மூன்று நாளில் முழங்கால் வலி பறந்துவிட்டது. அவர் அதை வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஒவ்வொருவராகச் சொன்னார், அதுவும் நின்றுகொண்டே.

யோகராஜா இரண்டு டப்பா வாங்கினார். கலியாணம் கட்டி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவருடைய மனைவி சிவனேஸ்வரியின் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. ஐந்தாம் மாதம். மனுஷனுக்கு ஆசையும் பயமும் ஒன்றாகச் சேர்ந்து பைத்தியம் பிடித்த மாதிரி ஆகியிருந்தது. அவள் படி இறங்கினால்கூட இவருக்கு மூச்சு நின்றுவிடும். அதனால் தானே பாலைக் காய்ச்சி, தானே துகளைக் கரைத்து, தானே அவள் கையில் கொடுத்தார். அவள் குடித்துவிட்டு, இது முன்பு எங்கோ குடித்த ருசி மாதிரி இருக்கிறதே என்றாள். அது அம்பிகையின் வாசம் என்று இவர் விளக்கம் சொன்னார். அம்பிகையை இவர் முன்பு எப்போது மோந்து பார்த்தார் என்று அவள் கேட்கவில்லை, நல்ல மனுஷி.

இப்படி மூன்று வாரம் போனது. பிறகு தேவாலயத்து ஆட்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சுவரில் பழைய ஓவியம் தெரிகிறதாமே, எங்கள் அனுமதி இல்லாமல் அதில் யாரும் கைவைக்கக் கூடாது, வரும் வியாழன் ஒரு நிபுணரை அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் வருவார் என்று யோகராஜா பிஸ்கட்டும் தேநீரும் ஆயத்தம் பண்ணி வைத்தார். வந்தவர் பெயர் பவளக்கொடி. ஈப்போவில் பிறந்து, லண்டனுக்கு ரசாயனம் படிக்க வந்து, பழைய தேவாலயங்களின் சுவர் ஓவியங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இறங்கி, பதினைந்து வருஷமாகச் சாரக்கட்டைகளில் ஏறி இறங்குபவர். தேநீரை வாங்கிக் குடித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நேரே போய்த் திரையை விலக்கினார். உள்ளே மௌன விரதத்தில் இருந்த சுவாமிகள் கையில் இருந்த எதையோ காவிக்குள் மறைத்தார்.

பவளக்கொடி ஒரு டார்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தார். சுவரில் இருந்த ஒவ்வொரு கீறலும் எழும்பி நின்றது. பிறகு ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் ஒற்றி, அம்மனின் தோளில் மெதுவாக உருட்டினார். சுவாமிகளின் மௌன விரதம் அந்த இடத்திலேயே முறிந்தது. அம்பிகைமேல் எச்சிலா என்று கத்தினார். எங்கள் தொழிலில் எச்சில்தான் முதல் மருந்து, அழுக்கு மட்டும் போகும், சாயம் போகாது என்று பவளக்கொடி திரும்பிப் பார்க்காமலே சொன்னார். உருட்டிய பஞ்சை உடனே ஒரு பைக்குள் எறிந்துவிட்டு வேறு பஞ்சை எடுத்தார்.

வேலை செய்துகொண்டே யோகராஜாவுக்கு விஷயத்தையும் சொன்னார். இது நூறு வருஷத்துப் படம். வரைந்திருப்பது புனித கத்தரினை. கிறிஸ்தவர்கள் சொல்லும் கதையில் அவளைக் கொல்ல ராஜா கொண்டுவந்தது சக்கரம், கடைசியில் கொன்றது வாள். அதற்குமேல் யாரோ பிறகு சுண்ணாம்புக் கலவை பூசியிருக்கிறார்கள். அதைத்தான் இப்போது ஒருவர் சமையல் கத்தியால் சுரண்டுகிறார். கன்னத்தில் வெட்டு விழுந்திருப்பதைப் பாருங்கள் என்றார். யோகராஜாவுக்குக் கோபம் வந்தது. அம்மனைப் பார்த்து இந்தப் பெண் என்ன கதை விடுகிறாள் என்று நினைத்தார். அதைச் சொல்ல வாயெடுத்தவர், பவளக்கொடி இன்னொரு பஞ்சை எறிவதைக் கண்டு, ஏன் அதையே திரும்பப் பாவிக்கக் கூடாது என்று கேட்டார்.

"சுவர்ல பட்டது மறுபடி வாயில படக் கூடாது, அண்ணே. அந்தக் காலத்து மஞ்சளும் வெள்ளையும் ஈயம். விஷம்."

"மஞ்சளுமோ?"

"மஞ்சள்தான் மோசம்."

"ஆரும் தெரியாமல் அதைக் குடிச்சால், தங்கச்சி?"

"சுவரை யாரு குடிப்பாங்க?"

"ஒரு பிள்ளைத்தாச்சி."

பவளக்கொடி கையுறையைக் கழற்றினார். இன்றைக்கே, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், ஈயம் பிள்ளையின் மூளைவரை போகும் என்றார். சுவாமிகள் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். விரதம் திரும்ப வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். முடிவு செவ்வாய்க்கிழமை வரும் என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது சிவனேஸ்வரி வயிற்றில் கை வைத்தபடி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அதுதான் யோகராஜாவை இன்னும் கொன்றது.

"இஞ்சருங்கோ, சாமி தந்ததெண்டு நான் குடிக்கேல்லை. நீங்கள் தந்ததெண்டுதான் குடிச்சனான்" என்றாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மண்டபத்தில் ஊசி விழ இடமில்லை. திரையை விலக்கிய சுவாமிகள், அம்பிகையின் இடக்கையில் சங்கு இருக்கிறது, அது தைப்பொங்கல் அன்றுதான் தெரியும், மாமிசம் உண்பவர் தொட்டால் சுவர் கல்லாகிவிடும் என்று அறிவித்தார். பின்வரிசையிலிருந்து பவளக்கொடி ஒரு வாளி வெந்நீரோடு முன்னால் வந்தார். சுவரில் வேலை செய்யத் தேவாலயத்து ஆட்கள் தந்த அனுமதிக் கடிதத்தைத் தில்லையம்பலத்தின் கையில் கொடுத்தார். "மத்தியானம் நான் மீனும் சிப்ஸும் சாப்பிட்டேன். கல்லாகுதான்னு பார்ப்போம்" என்றார்.

இடக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஈரப் பஞ்சை ஒற்றி ஒற்றி எடுத்தார். சுண்ணாம்புக் கலவை பால்போல வழிந்தது. கால் மணி நேரத்தில், தைப்பொங்கலுக்குக் காத்திராமல், அம்மனின் இடக்கை வந்தது. கையில் சங்கில்லை. ஒரு புத்தகம் இருந்தது. காலடியில் கொஞ்சம் துடைத்ததும் ஆங்கில எழுத்தில் புனித கத்தரின் என்ற பெயரும், 1891 என்ற வருஷமும் தெரிந்தன. ஐம்பது பண்டிதர்களோடு வாதாடி ஜெயித்த பெண் என்று அவளைப் பற்றிக் கதை சொல்வார்கள், அதனால்தான் புத்தகம் என்று பவளக்கொடி விளக்கினார்.

இதோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். நம்முடைய சனத்தை அவ்வளவு லேசாக நினைக்கக் கூடாது. சுவாமிகள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, அம்பிகைக்கு ஆயிரத்தெட்டு நாமம், கத்தரின் ஆயிரத்தொன்பதாவது, கையில் இருப்பது வேத புத்தகம் என்றார். தில்லையம்பலம் முதல் ஆளாகக் கைதட்டினார். மண்டபமே கைதட்டியது. பவளக்கொடி வாளியைக் கீழே வைத்தார். பதினைந்து வருஷத்தில் இப்படி ஒரு பூச்சை அவர் துடைத்துப் பழகியதில்லை.

அப்போதுதான் யோகராஜா எழும்பினார். கையில் ஒரு செம்பு பால். இரண்டாவது டப்பாவை எல்லோரும் பார்க்க அதில் கவிழ்த்துக் கலக்கினார். சுவரில் இருப்பது யார் என்பது பற்றி அவருக்கு இப்போது ஒரு கவலையும் இல்லை. அந்த மஞ்சளில் ஈயம் இருக்கிறது, ஈயம் வயிற்றுப் பிள்ளையின் மூளையைத் தின்னும், என் மனைவி மூன்று வாரம் குடித்துவிட்டாள், உங்கள் வீட்டில் யார் யார் குடித்தீர்கள் என்று கேட்டார். பிறகு பிள்ளைகளை இடுப்பில் வைத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். யோகராஜா செம்பைச் சுவாமிகளிடம் நீட்டினார்.

"சுவாமி, உது உங்கடை அம்மன் தந்த துகள்தானே. ஒரு மிடறு குடியுங்கோ. நீங்கள் குடிச்சால் நான் வீட்டை போய் நிம்மதியாய்ப் படுப்பன்."

"யாம் இன்று உபவாசம்."

"அப்ப போலீசைக் கூப்பிடுறன். பிள்ளையளுக்கு விஷம் குடுத்ததெண்டு சொல்லுறன்."

சுவாமிகள் செம்பைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வாசல் வெகுதூரம். பன்னிரண்டு வருஷத்து இமயமலை அந்த இடத்தில் உருகி, உள்ளே இருந்த உரும்பிராய் ஊர்க்காரன் வெளியே வந்தான்.

"அண்ணை, பொறுங்கோ. அது சுவரிலை எடுத்தது இல்லை. கஸ்டர்ட் பவுடர். அம்மாவாணை, கஸ்டர்ட் பவுடர் மட்டுந்தான். இவ்வளவு சனத்துக்குச் சுவரைச் சுரண்டிக் குடுக்க எனக்கென்ன விசரே?"

பூசை மேசையின் பட்டுத் துணியை யாரோ தூக்கினார்கள். கீழே எட்டுப் பெரிய தகரம், ஒரு சமையல் கத்தி. யோகராஜா ஒரு தகரத்தைத் திறந்து முகத்தை உள்ளே விட்டு மோந்தார். வனிலா வாசம். வீட்டில் அந்தப் பாலில் வந்த அதே வாசம், சிவனேஸ்வரி எங்கோ குடித்திருக்கிறேன் என்று சொன்ன அதே வாசம். மனுஷன் மூக்கிலும் மீசையிலும் மஞ்சள் பொடியோடு நிலத்தில் குந்தி, ஓவென்று அழுதார். ஏமாற்றப்பட்டேன் என்று தெரிந்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை ஈஸ்ட் ஹாம் அதற்கு முன்பு கண்டதில்லை.

தில்லையம்பலத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அப்ப என்ரை முழங்கால் வலி மாறினது?"

"அதைக் கஸ்டர்ட் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்க" என்றார் பவளக்கொடி.

திங்கட்கிழமை சுவாமிகளின் அறை காலி. உண்டியலும் காலி. தகரங்களை விட்டுவிட்டுப் போயிருந்தார், பெருந்தன்மையான ஆள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி முடிவு வந்தது. சிவனேஸ்வரியின் இரத்தத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. பவளக்கொடி நான்கு மாதம் சாரத்தில் நின்று கத்தரினை முழுதாக வெளியே கொண்டுவந்தார். கன்னத்துக் கத்தி வெட்டை மட்டும் மறைக்காமல் அடையாளத்துக்கு விட்டுவைத்தார். சுவாமிகள் போன அடுத்த வெள்ளி கோயிலுக்கு வந்தவர்கள் பதினொரு பேர். ஆனால் ஹை ஸ்ட்ரீட் நோர்த் கடைகளில் அந்த வாரம் கஸ்டர்ட் பவுடர் ஒரு தகரம்கூட மிஞ்சவில்லை. ஒரு கடைக்காரர் புதிதாக வந்த தகரங்களைக் கற்பூரத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தார்.

மாசியில் பெண் பிள்ளை பிறந்தது. ஏழு றாத்தல், நல்ல குரல். பார்க்க வந்த தில்லையம்பலம் ஒரு கையில் திராட்சைப் பழமும் மறு கையில் ஊன்றுகோலுமாக நின்று, என்னதான் சொன்னாலும் சுவாமியின் பவுடர் வேலை செய்திருக்கிறது பார்த்தீர்களா என்றார். யோகராஜா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, பூச்சைக் கழுவினவுடனை சுவருக்குள்ளை இருந்து புத்தகத்தோடை ஒரு பொம்பிளை வந்தவ. உங்கடை மண்டையையும் ஒருக்காக் கழுவிப் பாருங்கோ. உள்ளுக்கை ஆரும் இருப்பினம்."

இதை வாசிக்கிறவர்களும் ஒரு தடவை முயன்று பார்க்கலாம். கத்தி வேண்டாம். வெந்நீரும் கொஞ்சம் பஞ்சும் போதும்.