பியதாச மாமாவும் என் முப்பத்திரண்டு எழுத்துக் கடவுச்சொல்லும்

யாராலும் உடைக்க முடியாதபடி நான் வாழ்க்கையில் ஒரேயொரு கணினியைத்தான் பூட்டியிருக்கிறேன். அது என்னுடையது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கண்டிப் பக்கம் திகனவைத் தாண்டி ஒரு சந்தியில் வாப்பாவுக்குச் சப்பாத்துக் கடை. நான் வீட்டிலிருந்து வீடியோ பார்த்து ஊடுருவல் சோதனை படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, உரியவர் அனுமதியோடு கணினிக்குள் புகுந்து ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலை. (உம்மா அக்கம்பக்கத்தில் கம்ப்யூட்டர் திருத்துகிறான் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.) மடிக்கணினியை இரண்டாகப் பிரித்து, வீட்டாருக்கு விண்டோஸ், எனக்கு லினக்ஸ் என்று போட்டேன். கடவுச்சொல் இல்லாமல் என் பக்கத்தைத் திறந்தால் வெறும் குப்பைதான் தெரியும். அதில் எனக்கு அப்படியொரு பெருமை.

பிறகு, சிங்களக் கும்பல்கள் முஸ்லிம் கடைகளைத் தேடி எரித்த கலவரம் வந்தது. எங்கள் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. பக்கத்துப் பேக்கரிக்காரர், சிங்களவரான பியதாச மாமா எங்கள் வாசலில் கைகளை விரித்து நின்று கெஞ்சியதால்தான் கடை எரியாமல் தப்பியது. எங்கள் கடைவாசல் கமராவில் அது முழுதாகப் பதிவாகியிருந்தது. மறுநாள் அந்தப் பதிவை என் லினக்ஸ் பக்கத்துக்கு மாற்றினேன். முக்கியமானவற்றை வெளியில் விட்டுவைக்கக் கூடாது என்று பாடத்தில் சொல்லியிருந்ததால், கமராப் பெட்டியில் இருந்ததைச் சுத்தமாக அழித்தேன். போதாததற்கு, பயத்தில் கடவுச்சொல்லையும் மாற்றினேன். முப்பத்திரண்டு எழுத்து. எங்கும் எழுதி வைக்கவில்லை. (அதுவும் பாடத்தில் சொன்னதுதான்.)

இரண்டு நாள் கழித்து, யாரோ கைபேசியில் எடுத்த படத்தில் கூட்டத்தோடு நின்றதற்காகப் பியதாச மாமாவைப் பொலிஸார் கொண்டுபோனார்கள். அவருடைய மனைவி சோமா ஆன்ட்டி அழுதுகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாப்பா கொஞ்சமும் பதறவில்லை.

"ஒன்ட கம்ப்யூட்டர்ல ஈக்குதானே மகன். எடு, குடுத்துட்டு வருவம்."

எடுத்தேன். கடவுச்சொல்லை அடித்தேன்; பிழை என்றது. மறுபடி அடித்தேன். பிழை. சோமா ஆன்ட்டி என் கதிரைக்குப் பின்னால் நின்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் ஊணுறக்கமின்றி அடித்துப் பார்த்தேன்; படித்த வித்தை அத்தனையும் காட்டினேன். உம்மா ஓதிய தண்ணீரோடு வந்து விசைப்பலகையில் தெளிக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

கடைசியில் வாப்பா கேட்டார். "மத்தவன்ட பூட்ட ஒடைக்கத்தானே நீ படிக்கிற?"

"ஓம் வாப்பா."

"அப்ப இது?"

வாப்பா சட்டையை மாற்றிக்கொண்டு தனியாகப் பொலிசுக்குப் போனார். பிறகு நீதிமன்றத்துக்கும் போனார். ஒவ்வோரிடத்திலும், என் கடையைக் காப்பாற்றியவர் இவர்தான் என்று வாயால் சொன்னார். பியதாச மாமா வெளியே வர ஒன்பது நாள் ஆயிற்று. கமராப் பதிவு கையில் இருந்திருந்தால் ஒரு பகலில் முடிந்திருக்கும்.

தாடியோடு, மெலிந்து வந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில், "பரவால்ல புத்தா, மறதி எல்லாருக்கும் வாறது" என்று முதுகில் தட்டினார். (புத்தா என்றால் சிங்களத்தில் மகன்.) திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது கொழும்பில் கணினிப் பாதுகாப்பில்தான் வேலை செய்கிறேன். ஊருக்குப் போனால், அச்சாறு போத்தலின் மூடி இறுகிவிட்டால்கூட, "இது மகன் பூட்டின போத்தல்" என்று உம்மா தொடங்கிவிடுவார். வீடே சிரிக்கும். வந்திருந்தால் பியதாச மாமாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

சோமா ஆன்ட்டி மட்டும் தேத்தண்ணி ஊற்றுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போய்விடுவார்.