மாரியப்பன் வல்லத்து மாத்திரை

ஒரு வாரத்துக்குக் கொடுத்த மாத்திரை அட்டை மறுநாளே காலியாகக் கிடந்தது. ரெஜின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு இருமினான்.

"மாரியப்பண்ணே, மாத்திரையெல்லாம் எங்க?"

"பங்கு வச்சாச்சு சார்."

தரங்கம்பாடிக்குத் தெற்கே அந்த மீனவக் குப்பத்தில் வல்லத்துக்கு, அதாவது படகுக்கு, எது வந்தாலும் அதில் போகிற எல்லாருக்கும் பங்குதான். திருக்கை மீன் முள் குத்திச் சீழ் வைத்தது மாரியப்பன் காலில். ஆனால் திருக்கை வந்தது வல்லத்துக்கு. ஆகவே மாத்திரையும் வல்லத்துக்கு. இதில் தப்பு எங்கே என்று ரெஜின் யோசித்துப் பார்த்தான், கிடைக்கவில்லை.

நாடு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டதும் உள்ளே வந்த சரக்குகளில் அந்தப் புது ஆன்டிபயாடிக்கும் ஒன்று. சீழ்ப்புண்ணை அது ஆற்றுகிறதா என்ற ஆராய்ச்சிக்கு ரெஜின் களப்பணியாளன். அவனிடம் ஒப்படைத்த நோயாளிகள் எல்லாரும் வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். மிச்சம் மாரியப்பன்தான்.

"இவரும் பாதியில விட்டா நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்று ஆராய்ச்சித் தலைவி டாக்டர் அமலோற்பவம் அமைதியாகச் சொல்லியிருந்தார்.

ரெஜின் விடுவதாக இல்லை. புது அட்டையோடு வந்தான். வல்லத்து ஆட்களை மணலில் உட்காரவைத்து, அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி இன்னும் முரடாகும், ஒரே ஆள் முழுசாகச் சாப்பிட வேண்டும் என்று நெடுநேரம் விளக்கினான். நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அப்படியானால் ஆளுக்கு ஒரு முழு அட்டை கொடுத்துவிடுங்கள் என்றார்கள்.

அவன் மறுத்தான். மறுநாள் மாரியப்பனைக் கரையிலேயே விட்டுவிட்டு வல்லம் கடலுக்குப் போனது. பங்கு வைக்காதவனுக்கு வல்லத்தில் என்ன வேலை? மாரியப்பன் அட்டையைத் திருப்பி நீட்டினார். "புண்ணு இருந்துட்டுப் போவுது சார். பொழப்பு வேணும்."

சமாதானத்துக்கு ஒரே வழிதான் தெரிந்தது. மாரியப்பனின் தம்பி திருமுருகன் துபாய்க்குப் போனதிலிருந்து வல்லத்தில் ஒரு கை குறைவு. அடுத்த காலை வல்லம் கரை சேரும்போது ரெஜின் பேன்ட்டை மடித்துக்கொண்டு, அதை மணலுக்கு இழுத்து ஏற்றும் கயிற்றைப் பிடித்தான். இழுத்ததைவிட இருமியது அதிகம். ஆனாலும் அவனுக்கென்று ஒரு கூறு மீன் ஒதுக்கினார்கள். வேண்டாம் என்றான். எல்லார் முகமும் மாறியது. வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து தகராறே இல்லை. மாரியப்பன் மறுபடி கடலுக்குப் போனார். காலை மாத்திரையை ரெஜின் முன்னாலேயே விழுங்கினார். ரெஜின் சாயங்கால பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்பதால், ராத்திரி மாத்திரைக்கு மாரியப்பன் மனைவி எல்லையம்மாள் பொறுப்பு. கயிறு இழுத்து முடித்ததும் அவள் கையால் எல்லாருக்கும் டீ.

டீ கசந்தது.

"சுக்கு கூடிப்போச்சு சார். குடிச்சிருங்க, நெஞ்சுக்கு நல்லது."

நெஞ்சுக்கு நல்லதாகத்தான் இருந்தது. பல மாதத்து இருமல் காணாமல் போனது. கடற்காற்று என்று நினைத்துக்கொண்டான். வயிறுதான் நிற்காமல் போனது. ஓசி மீன் என்று நினைத்துக்கொண்டான். சவுக்குத் தோப்புக்கும் வல்லத்துக்குமாக ஓடினானே தவிர, ஒரு காலையும் கயிற்றை விடவில்லை.

கோர்ஸ் முடிந்தது. டாக்டர் அமலோற்பவம் ஜீப்பில் வந்து இறங்கினார். மாரியப்பன் காலை அழுத்திப் பார்த்தார். புண் பாதி ஆறியிருந்தது; பாதி ஆறுவதா வேண்டாமா என்றிருந்தது. டாக்டரின் நெற்றி சுருங்கியது.

"முழு கோர்ஸும் போயிருக்கு மேடம், நான் கேரண்டி" என்றான் ரெஜின், ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி.

டாக்டர் எல்லையம்மாளிடம் திரும்பினார். "ராத்திரி மாத்திரை ஒழுங்கா உள்ள போச்சாம்மா?"

"ஒரு நாள் தவறலைங்க டாக்டரம்மா. இருமிக்கிட்டே கயிறு இழுக்குறாரேன்னு எல்லாரும் அவங்கவங்க பங்க விட்டுக்குடுத்தாங்க, நாந்தான் காலைல சார் டீயில கரைச்சுக் குடுத்தேன்."