மானிட்டர் மேல் ஒரு துண்டு

எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் புது ஆளை எடைபோட, "எந்த வீடு?" என்ற ஒரே கேள்வி போதும். நல்ல வீட்டுப் பெயராகச் சொல்லிவிட்டால் பந்தியில் இலை போட்டுவிடுவார்கள். (அந்த வீட்டில் அப்படி ஓர் ஆள் உண்டா என்று விசாரிப்பதற்குள் சாம்பார் ஆறிவிடும் பாருங்கள்.) இந்த வழக்கத்தை அப்படியே கணினிக்குள் ஏற்றிய மேதை உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஓய்வுபெற்ற ஆசிரியர் சவரிமுத்து சார் தம் வீட்டு முன்னறையில் பிரவுசிங் சென்டர் தொடங்கினார். அவர் மகள் ஜெசிந்தாவை எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள். சார் பிடி கொடுக்கவில்லை.

"தம்பி, கம்ப்யூட்டர்ல நீங்க கெட்டின்னு சொல்றாக. பயலுக கண்டதையும் பாக்காம இதுக்கொரு பூட்டுப் போட்டுக் குடுங்க. மத்தத அப்புறம் பேசுவம்."

("மத்தது" என்றால் கல்யாணம். எனக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.)

பூட்டு எழுதினேன். இணைய முகவரியின் தொடக்கத்தை அது படிக்கும். நான் அனுமதித்த பல்கலைக்கழகம், நூலகம் போன்ற பெயராக இருந்தால் திறக்கும். அதற்குப் பின்னால் என்ன வால் தொங்குகிறது என்று பார்க்காது. நம்ம ஊர் வழக்கம்.

திறப்பு விழாவுக்கு ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். "யானை முட்டினாலும் அசையாது சார்" என்றேன்.

எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா, "நான் முட்டிப் பாக்கவா?" என்றாள்.

பல்கலைக்கழக முகவரியை அடித்தாள். அதை ஒட்டி ஒரு '@' குறி. அதற்கப்புறம் ஒரு சினிமாத் தளத்தின் பெயர். பிரவுசருக்கு '@' குறிக்கு முன்னால் இருப்பது வெறும் அறிமுகப் பேச்சு. போய்ச் சேரும் இடம் பின்னால்தான். இது என் பூட்டுக்குத் தெரியாது. (எனக்கும்தான்.) "பல்கலைக்கழகமா? வாங்க, வாங்க!" என்று திறந்துவிட்டது.

அந்தக் காலத்து இணையத்தில் படம் மேலிருந்து கீழே சொட்டுச் சொட்டாக இறங்கும். கூந்தல் வந்தது. நெற்றி வந்தது.

"யாரு, பேராசிரியையா?" என்றார் ஃபாதர்.

"அப்படித்தான் இருக்கும் ஃபாதர். மொகத்துல படிச்ச களை தெரியுது பாருங்க" என்றார் சார்.

தோள் வந்தது. அதற்குக் கீழே நீச்சல் குளம் தொடங்கிவிட்டது.

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். கரண்ட் போனாலும் அணையாதிருக்க நானே பெருமையோடு மாட்டிய யூ.பி.எஸ். 'கீ... கீ...' என்று கூவிக்கொண்டு, மீதிப் படத்தையும் இறக்கித் தந்தது. சார் தோளில் கிடந்த துண்டை உருவி மானிட்டர் மேல் போர்த்தினார்.

"இந்த ஆளுக்கா எம்புள்ளயக் கேக்குறாக?"

என் கல்யாணம் அந்தத் துண்டுக்கடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

"அப்பா, எவன் என்ன பேரு சொல்லிட்டு வந்தாலும் நம்பி உள்ள விடுற ஆளு இவுக. தனியா விட்டா ஊரே ஏமாத்திரும்" என்றாள் ஜெசிந்தா. "நான் கூட இருந்து பாத்துக்கிறேன்."

முதலில் சிரித்தது ஃபாதர்தான்.

பூட்டை அவளே திருத்தினாள். என்னை இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறாள். இன்றும் நான் வீட்டில், "அதெல்லாம் பக்காவா முடிச்சாச்சு" என்று எதைச் சொன்னாலும் எங்கள் மகள் எழுந்துவிடுகிறாள். கொடியில் கிடக்கும் துண்டை எடுத்து வந்து, டி.வி. மேல் போர்த்துகிறாள்.