சிள்வண்டுகளின் வக்கீல்

இயற்கையின் வக்கீல் என்று ஒரு மனித வகை உண்டு. இயற்கை இவரிடம் வக்காலத்து கொடுத்ததா என்று கேட்காதீர்கள். கொடுக்கவில்லை. கூலியாள் சற்று உட்கார்ந்தால் எறும்பைக் காட்டுவார், முதலாளி நாள் முழுக்கப் படுத்திருந்தால் சிங்கத்தைக் காட்டுவார், மனைவி வேலைக்குக் கிளம்பினால் அடைகாக்கும் கோழியைக் காட்டுவார். வேட்டைக்குப் போவது பெண் சிங்கமாயிற்றே என்றால், "அது ஆப்பிரிக்கா" என்பார்.

அமெரிக்காவில், எங்கள் இண்டியானா மாநிலத்தில் இவருக்குப் பெயர் ஹெர்ஷல் புரூனர். பதினேழு வருஷம் மண்ணுக்குள் கிடந்த சிள்வண்டுகள் கோடிக்கணக்கில் மேலே வந்து, மரம், வேலி, துணிக்கொடி, பாதிரியாரின் தொப்பி என்று கண்டதிலும் ஏறிக் கத்தித் தீர்க்கிற மே மாதக் கடைசி இவருக்குத் திருவிழா. அத்தனை கோடிச் சாட்சிகள் வேறு யாருக்குக் கிடைக்கும்?

அவருடைய அக்கா வீட்டுப் புல்வெளியில் விருந்து. அக்கா மகள் லோரீன், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வெண்டல் என்ற பரம சாது, நாலு வருஷமாக ஞாயிறுதோறும் அவளைப் பார்க்க வருவான், சாப்பிடுவான், வெட்கத்தில் சிவப்பான், போய்விடுவான். மறுநாள் காலை நாட்டின் மறுகோடியில், ஆரிகனில் ஒரு மர ஆலை வேலைக்கு ஒரேயடியாகக் கிளம்புகிறான். "அவர் கேக்க மாட்டாரு. இன்னிக்கு நானே கேட்டுடறேன்" என்று அம்மாவிடம் லோரீன் சொன்னது வக்கீல் காதில் விழுந்துவிட்டது.

"மரத்தைப் பாரு," என்றார், முள்கரண்டியில் குத்திய சாசேஜை உயர்த்தி. "கத்துறது அத்தனையும் ஆம்பிளை. பொண்ணு வாயைத் திறக்குதா? பாடறது அவன் வேலை. காத்திருக்கிறது உன் வேலை."

"காத்திருந்தா நாளைக்குப் போயிடுவாரு மாமா."

"போகட்டும். பாடலைன்னா, அவனுக்கு வேணாம்னு அர்த்தம்."

வெண்டல் உருளைக்கிழங்கு சாலட்டுக்குள் எதையோ தொலைத்தவன்போல் தேடினான்.

"அந்துப்பூச்சியில பொண்ணுதான் முதல்ல வாசனை விட்டுக் கூப்பிடும்," என்றாள் லோரீன். "மோப்பம் பிடிச்சு எங்கிருந்தோ பறந்து வர்றது ஆம்பிளை."

"அது ராத்திரியில சுத்தற பூச்சி. நல்ல குடும்பத்துப் பூச்சியாப் பாத்துச் சொல்லு."

"சரி, உங்க சிள்வண்டுக்கே வரேன். அவன் பாடி முடிச்சதும் இவ இறக்கையை ஒரு தட்டு தட்டுவா. அந்தப் பதிலைக் கேட்டுத்தான் கிட்ட வருவான்."

"கட்டுக்கதை."

"அப்ப விரலைச் சொடுக்கிப் பாருங்க. பாட்டு நின்ன உடனே."

அவர் நாற்காலி முதுகில் சிள்வண்டு ஒருவன் பாடிக்கொண்டிருந்தான். நின்றான். ஹெர்ஷல் அலட்சியமாகச் சொடுக்கினார். அவன் சட்டென்று திரும்பினான். மறுபடி பாட்டு, மறுபடி சொடுக்கு, நடந்தே வந்துவிட்டான். மூன்றாவது சொடுக்கில் சட்டைக் கையில் ஏறி, தோளைக் கடந்து, கழுத்துப் பட்டையில் உட்கார்ந்து, அவர் காதுக்குள்ளேயே உருகி உருகிப் பாட ஆரம்பித்தான்.

"பையன் தங்கமாத் தெரியறான் ஹெர்ஷல்," என்றார் லோரீனின் அப்பா. "அவசரப்பட்டு வேண்டாம்னுடாதே."

"குடும்பம் எப்படின்னு விசாரிச்சியா?" என்றாள் அக்கா.

சாசேஜ் ஒரு பக்கம், முள்கரண்டி ஒரு பக்கம் பறக்க, வக்கீல் துள்ளினார். "எடுங்கடா இதை. மனுஷன் என்ன பூச்சியா?"

"அதைத்தானே மாமா நானும் சொல்றேன்," என்றாள் லோரீன். அவர் கழுத்திலிருந்து மாப்பிள்ளையை மெல்ல எடுத்து மரத்தில் விட்டாள். வெண்டல் எதிரே போய் நின்றாள். "என்னைக் கட்டிக்கிறீங்களா?"

வாயிலிருந்த உருளைக்கிழங்கை அவன் விழுங்கி முடிக்க ஒரு யுகம் ஆயிற்று.

"லாரியில சாமான் எல்லாம் ஏத்திட்டேன்," என்றான். "முன்சீட்டுல மட்டும் எதுவும் வைக்கல. மனசு வரல."

வக்கீல் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். இப்போது தேனீக்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறார். ராணி வருகிற பக்கங்களைத் தாண்டிவிடுகிறாராம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நேற்று நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, அந்தத் தட்டை எடுத்தது யார்? "அவளுக்கு அதெல்லாம் இயல்பா வரும்" என்று சொன்னீர்களே, அதை எந்தப் பூச்சியிடம் விசாரித்தீர்கள்?