ஃப்ரேமைத் துடைத்த ஃப்யூஸ் அண்ணன்

விருத்தாசலத்துப் பீங்கான், லாரியில் குலுங்கிக் குலுங்கிப் போனாலும் உடையாமல் ஊர் சேர்ந்துவிடும். ஃப்யூஸ் அண்ணனின் நாடகத்தைப் பார்த்துவிட்டு உடையாமல் வீடு சேர்ந்த குடும்பம் ஒன்றுகூடக் கிடையாது.

மின்சார ஃப்யூஸ் மாட்டும் கேரியர் செய்யும் பீங்கான் பட்டறையில் வேலை. அதனால் அந்தப் பெயர். நாடகக் கிறுக்கு. ஒருமுறை அரண்மனைக் காட்சிக்காகச் சொந்த வீட்டு வாசல் கதவையே கழற்றிக்கொண்டு போய்விட்டார். உள்ளே புகுந்த ஆடு, அவர் மனைவி ஸ்டெல்லாக்காவின் கல்யாணப் பட்டில் முந்தானையை மட்டும் ரசித்துத் தின்றது. அக்கா நேராக வேப்பூரில் ஹோட்டல் வைத்திருக்கும் தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறியவர், திரும்பவே இல்லை.

இந்த வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்கு அண்ணன் பாட்டு நாடகம் போட்டார். பங்கு மக்களின் கல்யாண போட்டோக்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு. மேடையில் ஆளுயர ஃப்ரேம். அதற்குள் ஒரு ஜோடி அசையாமல் நிற்கும். அண்ணன் துணியோடு வந்து ஃப்ரேமைத் துடைப்பார். உடனே ஜோடி வெளியே குதித்து, அன்றைக்கு உண்மையில் நடந்ததைப் பாடிவிட்டு, மறுபடி உள்ளே போய்ச் சிலையாகிவிடும்.

“ஜனங்களுக்குப் புரியாதுண்ணே” என்றேன்.

“அதுக்குத்தான் நீ இருக்கிறியே. பத்திரிகையில எழுதற ஆளு, மைக்கப் புடிச்சு வெளக்கு. ஸ்டெல்லா வரேன்னு அது தம்பிகிட்ட சொல்லியிருக்குதாம். கடைசி பாட்டு அதுக்குத்தான். கேட்டுட்டு வூட்டுக்கு வந்துடணும். கெடுத்துடாத.”

முதல் பாட்டிலேயே ஊர் அதிர்ந்தது. மணப்பெண் ஏன் கேமராவைப் பார்க்கவில்லை? ஆர்மோனியம் வாசித்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். முன்வரிசையில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர், மடியிலிருந்த பேத்தியை இறக்கிவிட்டுத் திரும்பினார்.

“யாருடி அந்த ஆர்மோனியம்?”

இரண்டாம் பாட்டில் ஒரு மாப்பிள்ளையின் தலைமுடி கழன்று கையோடு வந்தது. கூட்டத்திலிருந்த நிஜ மாப்பிள்ளை, ஊரே மதிக்கும் மனிதர், அவசரமாகத் தலையில் கர்ச்சீப் போட்டுக்கொண்டார். சாமியார் ஜெபமாலையை எடுத்துவிட்டார்.

“தொடைக்கிற ஆளு யாருய்யா?” என்று கூட்டம் கத்தியது. மைக் கையில் இருந்தால் எனக்குத் தத்துவம் ஊறும். நிறுத்த மருந்து கிடையாது.

“அன்பர்களே! ஃப்ரேம்தான் கல்லறை. துடைப்பவன் காலன். அவன் கை பட்டால் இறந்தவர்கள் பாடுவார்கள்!”

எனக்கே புல்லரித்தது. மேடையில் அண்ணன் கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது. முன்வரிசைக்காரர் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார்.

“உசுரோடதானே ஒக்காந்துனு இருக்கேன்?”

இதற்குள் கடைசி போட்டோ வந்துவிட்டது. ஸ்டெல்லாக்கா வேஷத்தில் ஒருவர். பக்கத்தில் மாப்பிள்ளை இல்லை. ஃப்ரேமுக்குள் தனியாக ஒரு பெண். அவ்வளவுதான், பெண்கள் பக்கம் ஒரே அலறல்.

“ஐயோ, ஸ்டெல்லா போயிடுச்சா?”

“வேப்பூர்ல நல்லாத்தானே இருந்துது!”

பின்வரிசையிலிருந்து செத்தவரே எழுந்தார்.

“யோவ்! கதவக் கழட்டனது பத்தாதுன்னு என்னக் கொன்னே புட்டியா?”

அண்ணனுக்குப் பாட்டு மறந்துபோனது. தாளக்காரர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். அவரும் நிறுத்தியதும் அண்ணன் என்னைக் கைகாட்டினார்.

“காலன் கீலன்லாம் இவன் சொன்னது, ஸ்டெல்லா. தொடைக்கிற ஆளு நாந்தான், ஒன் புருஷன். நீ போனதுலேருந்து தெனம் ஒன் போட்டோவத் தொடைக்கிறேன். எறங்கி வந்து நாலு திட்டு திட்டுவியான்னு.”

அக்கா மேடையேறினார்.

“போட்டோவத் தொடைக்கத் தெரியுது. ஒரு போன் பண்ணத் தெரியலியா?”

“பண்ணி, நீ எடுக்கலன்னா?”

அக்கா கீழே கிடந்த துணியை எடுத்து உதறி, அண்ணன் முகத்தில் வழிந்துகொண்டிருந்த பவுடரை அழுத்தித் துடைத்தார்.

“பசிக்குது. வூட்டுல அரிசி இருக்குதா?”

“இருக்குது, இருக்குது” என்று தலையாட்டியபடி அண்ணன் அக்காவின் பின்னாலேயே இறங்கிப் போனார். என்னைத் தாண்டித்தான் போனார். என்னைத் திட்ட வேண்டும் என்பதே அவருக்கு ஞாபகமில்லை. ஓடிப்போய் அவர் வாயால் ஒரு திட்டு வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது எனக்கு.