ஒன்றரைச் சுற்று

மாமாவுக்கு வணக்கம்.

முதலில் உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்: இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். பட்டறையில் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டிச் சிரிக்காதீர்கள். போன தடவை நான் ரகசியம் என்று சொன்னதை நீங்கள் அம்மாவிடம் ‘ரகசியம்’ என்று சொல்லிவிட்டே சொன்னீர்கள். படித்ததும் கிழித்து, பெட்ரோலில் நனைத்துக் கொளுத்திவிடுங்கள்.

இங்கு அனைவரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன். இனி உண்மை. இங்கு ஒருவரும் நலமாக இல்லை. நீங்கள் மட்டும் நலமாக இருப்பீர்கள், ஏனென்றால் அப்பா அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் எங்கள் படகின் மோட்டார் உங்கள் ஊரில் இல்லை.

போர்வைக்குள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால்தான் கையெழுத்து இப்படி. அப்பா எந்த நேரமும் எழுந்து வரலாம். வந்தால் கதவை ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு, “ரெண்டு தடவ தட்டியாச்சு, காது அடைச்சுப்போச்சா?” என்பார். உங்கள் பெயரை இந்த வீட்டில் உச்சரித்தால் நாக்கை இழுத்து வைத்துத் தைத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். போனில் உங்கள் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். நான் உச்சரிக்கவில்லை, எழுதுகிறேன். இந்த வித்தியாசம் அவருக்குப் புரியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள்தான், மாமா. நீங்கள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டிவிட்டுப் போனபின் மோட்டார் இரண்டு வாரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு அப்பா, ‘அவன் செஞ்சா நான் செய்ய மாட்டேனா’ என்று அதே கார்புரேட்டரைத் தானே ஒருமுறை கழற்றிக் கழுவினார். மெதுவாக ஓடும்போது பெட்ரோலை அளந்து விடும் அந்தச் சின்னப் பித்தளைத் திருகை எவ்வளவு வைப்பது என்று தெரியாமல் உங்களுக்கே போன் செய்தார். போனை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? “முழுக்க உள்ள விடுங்க மச்சான், இறுக்காதீங்க. அங்கருந்து ஒண்ணரைச் சுத்து வெளிய எடுங்க. அப்புறம் மெதுவா ஓடறப்போ நின்னா என்னைக் கேளுங்க.” அப்பா திருகை முழுக்க உள்ளே விட்டு, பிறகு ஸ்க்ரூடிரைவரை வைத்து வெளிப்பக்கம் திருப்பி “ஒண்ணு” என்றார். எடுத்து, மறுபடி வைத்து, கொஞ்சம் திருப்பி “அரை” என்றார். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அன்றிலிருந்து வேகமாகப் போனால் ஓடுகிறது, துறை வந்து வேகத்தைக் குறைத்தால் இரண்டு இருமல் இருமிச் செத்துவிடுகிறது. நின்றால் உங்களைக் கேட்கச் சொன்னீர்கள் அல்லவா? இதோ கேட்கிறேன். என்ன மெக்கானிக் நீங்கள்?

முதல் நாள் துறைக்கு இருபது அடி முன்னால் நின்று, படகு தன் இஷ்டத்துக்குச் சுற்றிப் போய்த் தூணில் முட்டியது. உள்ளே எங்கள் தலைமையாசிரியை இருந்தார். அவர் மடியிலிருந்த விடைத்தாள் கட்டு தண்ணீரில் விழுந்தது. முப்பத்தெட்டுத் தாள் போய்விட்டது, என்னுடையதை மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் குதித்து நீந்தி மீட்டுக் கொடுத்துவிட்டார். மற்ற எல்லோருக்கும் மறுதேர்வு, எனக்கு நாற்பத்தொன்று. மறுநாளிலிருந்து அப்பா வேகத்தைக் குறைப்பதையே விட்டுவிட்டார். முழு வேகத்தில் துறைக்கு வந்து, கடைசி நொடியில் அணைத்து, “பிடிச்சுக்கோங்க!” என்று கத்துவார். எதைப் பிடிப்பது என்று சொல்ல மாட்டார். முடிதிருத்துகிறவர் டீக்கடைக்காரரைப் பிடித்தார், இருவரும் போய்ச் சேர்ந்த இடம் தக்காளிக் கூடை.

ஊரே மெக்கானிக் ஆகிவிட்டது. பழைய பெட்ரோல் என்றார்கள், மாற்றினோம். பெட்ரோலில் தண்ணீர் என்றார்கள், வடிகட்டினோம். பிளக் என்றார்கள், புதிது வாங்கினோம். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கும் என்று முடிதிருத்துகிறவர் தன் சீப்பின் பல்லை உடைத்துக் குத்தினார், இப்போதுதான் அது அடைத்திருக்கிறது, மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டுகிறோம். பெட்ரோல் ஏறுவதற்காகக் குழாயில் இருக்கும் ரப்பர் உருண்டையை நான் அமுக்கி அமுக்கி, பேனா பிடிக்கும் இந்தக் கையில் கொப்புளம்.

வீட்டில் அதைவிடக் கேவலம்.

“உன் தம்பி கை வெச்ச எதுதான் உருப்பட்டிருக்கு?”

“கழட்டுனது யாரு? என் தம்பியா?”

“அவன் சொன்னபடிதானே வெச்சேன்! ஒண்ணரைன்னான், ஒண்ணரை வெச்சேன். கேளு, உன் பொண்ணையே கேளு!”

அம்மா என்னைப் பார்த்தார். நான் உள்ளதைச் சொன்னேன். “ஆமாம்மா, அப்பா ஒண்ணரைதான் வெச்சார்.” அம்மா சாப்பாட்டுத் தட்டை அப்பா முன்னால் ணங்கென்று வைத்துவிட்டுப் போனார். ஐந்து நாளாகத் தட்டுகள் மட்டும் பேசுகின்றன. அந்தச் சத்தத்துக்கு மோட்டார் எவ்வளவோ மேல்.

இப்போது முக்கியமானது. வரும் திங்கள்கிழமையிலிருந்து பிள்ளைகளை இந்தப் படகில் ஏற்றக் கூடாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அப்பா ரோஷத்தில், ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை ஆற்றில் மணல் அள்ளுகிறவருக்கு விற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். படகு இல்லையென்றால் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. “அக்கரையில என் அக்கா வீடு இருக்குல்ல, அங்க தங்கிப் படிக்கட்டும்” என்கிறார். அந்த அத்தையை உங்களுக்குத் தெரியும். எட்டு மணிக்கு விளக்கை அணைப்பவர். சாப்பிடும்போது எத்தனை முறை மெல்லுகிறேன் என்று எண்ணுபவர். அம்மாவை விட்டு அங்கே இரண்டு வருஷம். யோசித்தால் அழுகை வருகிறது, அப்புறம் கோபம் வருகிறது, கோபம்தான் பரவாயில்லை. உங்கள் வாயிலிருந்து வந்த ஒரு தப்பான கணக்குக்கு நான் ஏன் அத்தை வீட்டில் மெல்ல வேண்டும்?

இன்னொரு பயமும் இருக்கிறது. அப்பா தினமும் அந்த மோட்டாரைப் போட்டுக் குடைவதைப் பார்க்கப் பொறுக்காமல், இன்று சாயங்காலம் அவருடைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒளித்துவிட்டேன். இப்போது என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு வரை தேடினார். நானும் கூடவே சேர்ந்து தேடினேன்.

ஆகவே மாமா, உடனே சரியான கணக்கைச் சொல்லுங்கள். உங்களுக்கு நல்ல ஆரோக்கியமும், கொஞ்சம் பொறுப்பும், என்றாவது ஒருநாள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கும் மனசும் கிடைக்கட்டும்.

உங்கள்மேல் மிகுந்த கோபத்தில் இருக்கும்,
அக்கா மகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடலாமா என்று பார்த்தேன், ஆனால் வேறு தாள் இல்லை. அப்பா எப்படித் திருப்பினார் என்று உங்களுக்குப் படம் வரைந்து காட்டத் தலையணைக்குக் கீழிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பிடியின் மேல்பக்கம் மையால் ஒரு புள்ளி வைத்து, அவர் திருப்பியது போலவே மணிக்கட்டை முடிந்தவரை திருப்பி “ஒண்ணு” என்றேன். புள்ளி அடிப்பக்கம்தான் போயிருக்கிறது. மறுபடி செய்தேன். மறுபடியும் அடிப்பக்கம்தான். மாமா, மனுஷன் கை அரைச் சுற்றுக்கு மேல் திரும்பாது! அப்பாவின் ஒன்று என்பது நம் அரை. அவருடைய ஒன்றரை என்பது முக்கால். பாதிப் பெட்ரோலில் அது இருமாமல் என்ன செய்யும்? நீங்கள் சொன்னது சரி. சாட்சி சொன்ன நான்தான் கழுதை. நாற்பத்தொன்று கூட எனக்கு அதிகம்.

ஆனால் அப்பாவிடம் இதை யார் சொல்வது? “எனக்கு ஒண்ணு எண்ணத் தெரியாதா?” என்று மோட்டாரை ஞாயிறுக்கு முன்பே கொடுத்துவிடுவார். அதனால் நீங்கள் ஒரு பொய் சொல்ல வேண்டும். டீக்கடைக்குப் போன் செய்து, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்: “மச்சான், தப்பு என்னுதுதான். மூணு சுத்துன்னு சொல்ல வேண்டியதை ஒண்ணரைன்னு சொல்லிட்டேன்.” அப்பா மூன்று வைப்பார், அது ஒன்றரையில் வந்து நிற்கும். உங்கள் தொழில் மானம் கொஞ்சம் போகும். போகட்டும் மாமா, நான் அத்தை வீட்டுக்குப் போவதற்குப் பதில் அது போகலாம். ஸ்க்ரூடிரைவரைக் காலையில் படகுக்குள் போட்டுவிடுகிறேன், புள்ளியை மட்டும் முதலில் அழித்து

கதவு தட்டுகிறது. ஒரு தட்டுதான். அவர் கணக்கில் இரண்டு ஆகிவிட்ட